புலி வீரமுத்துவும் எட்டு மாப்பிள்ளைகளும்

கச்சிராயபாளையத்தில் வீரமுத்து வீடு எது என்று கேட்டால், எந்த வீரமுத்து என்று திருப்பிக் கேட்பார்கள். புலி வீரமுத்து என்று சொன்னால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். காட்டும்போது கொஞ்சம் சிரிப்பார்கள். இந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், சாயந்தரம் வரைக்கும் உட்கார வைத்துவிடுவார். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் அரவைப் பருவத்தில், ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் மூன்று நாள் வரிசையில் நின்றன. பொழுது போகாமல் தரையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். அந்த மூன்று நாளில் வீரமுத்து பத்தொன்பது பேரைத் தோற்கடித்தார். பத்தொன்பது பேரும் கண் எரிச்சலோடு உட்கார்ந்த வாக்கில் தூங்கி வழிந்துகொண்டிருந்த டிரைவர்கள் என்பதை அவர் சொல்ல மாட்டார். கரும்பை இறக்கிவிட்டு வந்த மறுநாளே டிராக்டரின் பின்பக்கம் சிவப்பு பெயின்ட்டில் ‘புலி’ என்று எழுதிக்கொண்டார். பட்டமளிப்பு விழா அவ்வளவுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூம்பு மாதிரி கோடு போட்டு, குறுக்கே நாலு கோடு இழுத்து, கோடு வெட்டும் இடங்களில் காய் வைத்து ஆடுவது. ஒருத்தருக்கு மூன்று புலி, இன்னொருத்தருக்குப் பதினைந்து ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாக வைத்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் ஆடு இருந்து, அதற்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். ஆறு ஆடு போனால் ஆட்டுக்காரர் தோற்றார். மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் புலிக்காரர் தோற்றார்.

வீரமுத்து எப்போதும் புலிதான். பிறந்ததிலிருந்து அவர் ஓர் ஆட்டைக் கையால் எடுத்து வைத்தது கிடையாது. “ஆடு வெச்சு ஆடறதுக்கு நான் இன்னா பயந்தாங்கொள்ளியா?” என்பார். எதிரே உட்காருகிறவன் பேசாமல் ஆட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இடம் அவருடையது, டீ அவருடையது, சத்தமும் அவருடையதுதான்.

வாழ்க்கையிலும் அவர் அப்படியே குதித்தார். கோமுகி வாய்க்காலில் அண்ணன் அன்புச்செல்வனுக்குத் தண்ணீர் முறை வந்த நாளில், மதகு ஷட்டரின் பூட்டை உடைத்துத் தன் வயலுக்குத் திருப்பினார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய்க் கேஸ் போட்டுவிட்டு வந்து உளுந்து விதைத்தார். வீரமுத்து ஏழு வருஷம் கோர்ட்டு வராந்தாவில் நின்றார். உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நின்றபோது, ஓட்டுக் கேட்கப் போன வீட்டிலெல்லாம் “நீ எனக்குப் போட மாட்டேன்னு தெரியும்” என்று ஆரம்பித்தார். அவர்களும் அவர் வாக்கைப் பொய்யாக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் வீட்டில் உலை கொதித்தது என்றால் அது மனைவி அமிர்தம் புண்ணியம். அவர் உடைத்ததையெல்லாம் பின்னாலேயே போய் ஒட்டவைத்துக்கொண்டு வருவதே அவளுக்கு முப்பது வருஷ வேலை.

புது வீடு கட்டியபோது போர்ட்டிகோவுக்குக் கிரானைட் போட வந்தவர்களை நிறுத்தி, நட்டநடுவில் ஆடுபுலிக் கோட்டை மிஷின் வைத்து வெட்டச் சொன்னார். பூஜை அறை அலமாரியாகச் சுருங்கிவிட்டது. “சாமிக்கு எடமில்ல, புலிக்கு மட்டும் பத்துக்குப் பத்து” என்று அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று புலிகளுக்கு டிராக்டரின் பெரிய நட்டு மூன்று. ஆடுகளுக்கு ஒரு டப்பாவில் புளியங்கொட்டை.

ஆடி ஆடி அவருக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. ஞானம் என்றால் சாதாரணமில்லை. ஒரு மனுஷன் ஆடு வைக்கிற தினுசைப் பார்த்தால் அவன் குணம், குடும்பம், குடிப்பானா மாட்டானா, எல்லாம் தெரிந்துவிடுமாம். “ஜாதகம் பொய் சொல்லும், சம்பளச் சீட்டு பொய் சொல்லும். கை பொய் சொல்லாது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அந்த ஞானத்தைச் செயலில் காட்டத் தொடங்கினார். அங்கேதான் பிடித்தது சனி.

மகள் மலர்விழி நர்ஸ். வெள்ளிமலை அரசு ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, வளைவு வளைவாகப் போய் இறங்கி, சாயந்தரம் அதே மாதிரி இறங்கி வருவாள். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு இருபத்துநாலு வயதில் முதல் மாப்பிள்ளை வந்தார். சின்னசேலத்தில் உரக்கடை. பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் முடிந்ததும் வீரமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க மாப்ள, சும்மா ஒரு ஆட்டம்” என்றார். ஏதோ ஜாலியான மாமனார் என்று நினைத்து உரக்கடைக்காரர் உட்கார்ந்தார் பாவம். சடசடவென்று ஆட்டை இறைத்தார். ஐந்தே நிமிஷத்தில் ஆறு ஆடு போயிற்று. தோற்றவரே ‘ஹஹ்ஹா’ என்று சிரித்தார். அவர்கள் காரில் ஏறிப் போனதும் வீரமுத்து தீர்ப்பு சொன்னார்: “ஊதாரி. ஆடு போறதப் பத்திக் கவலையே இல்ல. வேணாம்.”

அடுத்தவர் சங்கராபுரத்து வாத்தியார். ஒவ்வோர் ஆட்டுக்கும் கால்மணி நேரம் மோவாயைத் தடவினார். அவர் அப்பா நாற்காலியிலேயே குறட்டை விட்டார். “இவன் தாலி கட்டறதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சி எமகண்டம் வந்துடும். வேணாம்.” ஒரு பேங்க் ஆள் வேண்டுமென்றே தோற்று, “மாமா ஆட்டத்துக்கு முன்னால நாமல்லாம் எந்த மூல!” என்று கைகூப்பினார். “ஜால்ரா. இன்னிக்கு எனக்குக் கூஜா தூக்கறவன் நாளைக்கு எவனுக்கு வேணாலும் தூக்குவான்.” தியாகதுருகத்திலிருந்து வந்தவர் ஒவ்வோர் ஆட்டையும் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, இங்க வெக்கவா?” என்று அவர் அம்மாவைக் கேட்டார். அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி வீரமுத்துவும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தொடைக்கடியில் செல்போனை வைத்துக்கொண்டு அதில் பார்த்துப் பார்த்து ஆடினவர் ஒருத்தர். வைத்த ஆட்டைத் திருப்பி எடுத்தவர் ஒருத்தர். ஏழாவது ஆள், “எங்க ஊர்ல புலி இப்படிப் போவாது, நீங்க தப்பாட்டம் ஆடறீங்க” என்று எகிறி, இரண்டு குடும்பமும் கேட் வரைக்கும் போய்க் கத்திக்கொண்டது.

ஏழு பேர் போனார்கள். ஐந்து வருஷமும் கூடவே போயிற்று. மலர்விழிக்கு இருபத்தொன்பது. தரகர் பிச்சைமுத்து எட்டாவது ஜாதகத்தை நீட்டும்போது முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்: “இதாங்க கடைசி. இதுவும் போச்சுன்னா என்னக் கூப்புடாதீங்க. உங்க வூட்டுக்கு இட்டாரேன்னா மாப்ள வூட்டுக்காரங்க வண்டிய விட்டு எறங்கவே மாட்டறாங்க. தாயம் வெளையாட ஆள் புடிக்கறவனா நானு?”

எட்டாவது ஜாதகம் இளஞ்செழியனுடையது. கள்ளக்குறிச்சிப் பையன். கரியாலூரில் கால்நடை ஆய்வாளர். ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிற உத்தியோகம். “ஆட்டு டாக்டரா? வரட்டும் வரட்டும், ஆட்ட எப்படி வெக்கறான்னு பாக்கலாம்” என்று வீரமுத்து மீசையை நீவினார்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், அமிர்தம் ஒரு காரியம் செய்தாள். புளியங்கொட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் அப்படியே கொட்டிவிட்டாள்.

“ஆடுங்க எங்கடி?” என்று வந்து நின்றார் வீரமுத்து.

“எரிஞ்சி போச்சு. இன்னா இப்போ?” என்றாள் அமிர்தம். “எம்பொண்ணுக்கு முப்பதாவப் போவுது. பாக்கறவங்க அல்லாரும், பொண்ணுக்கு இன்னா கொறன்னு என்னக் கேக்கறாங்க. கொற பொண்ணுகிட்ட இல்ல, எங்க வூட்டு போர்ட்டிகோவுல கெடக்குதுன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? இன்னிக்கி ஒருநாள் உங்காலுல வேணா வுழறேன். அந்தாள ஆடக் கூப்புடாத.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கல் மனசுக்காரனும் அந்த அழுகைக்கு இளகியிருப்பான். வீரமுத்து என்ன செய்தார் தெரியுமா? ஸ்டோர் ரூமுக்குப் போனார், மூட்டையிலிருந்து பதினைந்து மல்லாட்டைக் கொட்டையை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தார். மற்ற ஊரில் வேர்க்கடலை என்பதுதான் இந்தப் பக்கம் மல்லாட்டை. “ஆடு இல்லன்னா ஆட்டம் நிக்குமா?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு வந்தார்கள். இளஞ்செழியன், அவர் அம்மா, தாய்மாமன் ஒருத்தர், கூட பிச்சைமுத்து. பையன் ஒல்லி, மாநிறம், நெற்றியில் வியர்வை. மலர்விழி மாம்பழக் கலர் புடவையில் வந்து காபி கொடுத்துவிட்டு நிலைப்படி ஓரமாக நின்றாள். பஜ்ஜி முடிந்தது. வீரமுத்து துண்டை உதறினார். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

“வாங்க மாப்ள, சும்மா ஒரு ஆட்டம்.”

இளஞ்செழியன் எழுந்து வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் ஆட்டை அடிக்கோட்டின் மூலையில் வைத்தார். புலி எப்படித் தாவினாலும் அங்கே வெட்ட முடியாது. இரண்டாவதை அதை ஒட்டி வைத்தார். மூன்றாவதை அதையும் ஒட்டி. வேகமும் இல்லை, மோவாய்த் தடவலும் இல்லை. வீரமுத்து நட்டைத் தள்ளிக்கொண்டு அலைந்தார். வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவது ஆட்டை அந்தப் பையன் நடுவில் கொண்டுவந்து, வா வந்து வெட்டு என்கிற மாதிரி வைத்தார். வீரமுத்து பாய்ந்து வெட்டினார். வெட்டிய பிறகுதான் தெரிந்தது, பாய்ந்த புலி ஒரு மூலையில் போய் நின்றதும், பின்னாலேயே இரண்டு ஆடு வந்து வாசலைச் சாத்தியதும்.

வெட்டுப்பட்ட மல்லாட்டையை அவர் ஓரமாக வைக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் ஆட்ட மும்முரத்தில் அதை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் ஒரு மணி நேரம் போயிற்று. வீரமுத்துவின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு புலி மூலையில் அடைந்து கிடந்தது. இன்னொன்று உச்சியில் திணறியது. மூன்றாவதுக்கு ஒரே ஒரு வழி பாக்கி. ஐந்து ஆடு போயிருந்தது, ஐந்தும் தாய்மாமன் வயிற்றில். இளஞ்செழியன் அந்த ஒரு வழியையும் அடைத்தால் கதை முடிந்தது. அவர் கை அந்தப் பக்கம் போயிற்று, கொஞ்சம் நின்றது, பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. வீரமுத்து ‘ஹா!’ என்று கத்திக்கொண்டு அந்த ஓட்டை வழியாகத் தாவி ஆறாவது ஆட்டை வெட்டினார்.

“அடேங்கப்பா!” என்று தொடையைத் தட்டினார். “மாப்ள, எங்கிட்ட இவ்ளோ நேரம் நின்னவன் கிடையாது. பதறல, கெஞ்சல, ஆட்ட வேணும்னே குடுத்து எடத்தப் புடிச்சீங்க பாருங்க, அது குடும்பம் நடத்தறவன் ஆட்டம். எனக்கு முழுச் சம்மதம். அமிர்தம்! தட்ட எடுத்தாடி!”

அமிர்தத்துக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. வெற்றிலை பாக்கு, பூ, பழத்தை முன்கூட்டியே அடுக்கி வைக்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பிச்சைமுத்து பிள்ளையாரைக் கும்பிட்டார். இளஞ்செழியன் அம்மா மலர்விழியைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் வீரமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டதே, மனுஷனால் சும்மா இருக்க முடியுமா? தன்னிடம் இருப்பதிலேயே பெரிய மரியாதையை மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. மூன்று நட்டையும் இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார்.

“இந்தாங்க மாப்ள. தட்டு வர்ற வரைக்கும் இன்னொன்னு. இந்த வாட்டி புலி உங்களுக்கு. எம்மொவளக் குடுக்கறவன் புலியக் குடுக்க மாட்டனா?”

இளஞ்செழியன் முகம் சுண்டிப்போயிற்று. “வேணாங்க மாமா. புலி உங்களுக்குத்தாங்க சரி” என்றார்.

“அடக்கத்தப் பாரு அடக்கத்த!” என்று தாய்மாமனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீரமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டைக் கையில் எடுத்தார்.

கூத்து ஆரம்பித்தது. வீரமுத்துவுக்கு ஆடு வைக்கத் தெரியவில்லை. அறுபது வயதுக்குள் ஒரு நாளாவது வைத்துப் பார்த்திருந்தால்தானே! எடுத்த எடுப்பில் நடுவில் கொண்டுபோய் வைத்தார், புலி வாய்க்கு நேராக. இளஞ்செழியன் அதை வெட்டவில்லை. உச்சிப்புலியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு கட்டம் இறக்கினார், மறுபடி ஏற்றினார். வீரமுத்து இன்னோர் ஆட்டைத் திறந்து வைத்தார். அதையும் வெட்டவில்லை. “ஏன் மாப்ள, பக்கத்துலயே கீதே?” என்றார் தாய்மாமன், அந்த மல்லாட்டை எப்போது வரும் என்கிற கவலையில். இளஞ்செழியன் புலியைக் குறுக்கே இரண்டு கட்டம் தூக்கி வைக்கப் போய், “இப்படிப் போலாமாங்க மாமா?” என்று கேட்டார்.

வீரமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு மணி நேரம் தனக்குத் தண்ணீர் காட்டிய ஆள், புலி எப்படிப் போகும் என்று கேட்கிறாரே!

அந்தச் சமயத்தில் ‘ப்ச்’ என்று ஒரு சத்தம். நிலைப்படி ஓரம் நின்றிருந்த மலர்விழி, காபித் தட்டைக் கையில் பிடித்தபடி, தரையிலிருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் வலது பக்கம் ஒரு புள்ளியில் நின்றது. வீரமுத்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். அங்கே அவருடைய ஆடு ஒன்று வெட்டுப்படக் கிடந்தது. வைத்த அவருக்கே அது அதுவரை தெரியவில்லை.

அவர் அடுத்த ஆட்டை வைத்தார். வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். மாப்பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும்போதே மலர்விழியின் கண் அந்த ஆட்டைத் தாண்டி, அதற்கு அப்பால் புலி போய் இறங்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று வைத்தார், வேண்டுமென்றே, ஓரத்தில், சட்டென்று யார் கண்ணிலும் படாத இடமாக. அவள் கண் நேராக அங்கே போயிற்று. அப்புறம்தான் நிமிர்ந்தாள். அப்பா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்வையைத் திருப்பவில்லை.

வீரமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. மூலையில் வைத்த முதல் ஆடு, வேண்டுமென்றே கொடுத்த ஐந்தாவது ஆடு, கடைசியில் விட்ட ஓட்டை, ஒன்றும் இந்தப் பையனுடையது இல்லை. இவன் ஒப்பித்திருக்கிறான். சொல்லிக் கொடுத்தவள் காபித் தட்டோடு நிற்கிறாள். அப்படியானால் உரக்கடைக்காரனின் வேகம்? வாத்தியாரின் கால்மணி நேரம்? பேங்க்காரனின் கும்பிடு? ‘அடிப்பாவி’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வருஷமாக, கை பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் மார் தட்டிக்கொண்டு, இவள் அனுப்பி வைத்த பொய்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்திருக்கிறாரே!

உள்ளே அமிர்தம் தட்டை அடுக்கும் சத்தம் கேட்டது. அவர் இப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டாவதும் போய்விடும், பிச்சைமுத்துவும் போய்விடுவார், மலர்விழியின் கல்யாணமும் போய்விடும். அது மகளுக்கும் தெரியும்.

அவரைத் தடுத்தது மகள் மேல் வந்த பாசம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் எழுதக் கூடாது. சொன்னால் பிச்சைமுத்து கேட்பார். பிச்சைமுத்து கேட்டால் கோமுகி டேமிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். பெத்த பொண்ணு எட்டு ஆட்டம் ஏமாத்திட்டாளாமே புலிய, என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அண்ணன் அன்புச்செல்வன் வாய்விட்டே சிரிப்பார். அதை நினைத்ததும் வீரமுத்து கட்டத்தின் மேல் கையை வைத்து எல்லாக் காயையும் ஒரே வழியாக வழித்துவிட்டார்.

“போதும் மாப்ள, புரிஞ்சிபோச்சு” என்றார், பெரிதாகச் சிரித்துக்கொண்டு. “நான் ஆடு வெச்சு ஆடிப் பழக்கமில்லாதவன்னு தெரிஞ்சிக்கினு, பெரிய மனசோட வுட்டுக் குடுக்கறீங்க. மாமனாருக்குக் குடுக்கற மரியாதன்னா இது மரியாத!”

பிச்சைமுத்துவுக்கு நாக்கு நிற்கவில்லை. “அன்னிக்கி பேங்க்காரரும் வுட்டுக் குடுத்தாருன்னுதாங்க அவர—”

“யோவ், நீ சும்மா கெட!” என்று வீரமுத்து போட்ட சத்தத்தில் பிச்சைமுத்து வாயை மூடிக்கொண்டார். அமிர்தம் தட்டோடு வந்தாள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். தாய்மாமன் போகும்போது மிச்ச மல்லாட்டையையும் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு அவர்கள் கார் கிளம்பியது. அமிர்தம் கோயிலுக்கு ஓடினாள். மலர்விழி போர்ட்டிகோவில் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீரமுத்து ஆட்டக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஏழும் நீதானா?” என்று கேட்டார்.

“ஆறு” என்றாள் மலர்விழி. “தியாகதுருகத்துக்காரர நான் ஒண்ணும் பண்ணல. அவரு தானாவே அவங்கம்மாவக் கேட்டுக்கினு ஆடுனாரு.”

“இன்னா சொல்லி அனுப்பின மத்தவங்களுக்கு?”

“போன்ல பேசுவாங்க இல்ல, முந்தின நாளு. உரக்கடைக்காரருகிட்ட, அப்பாவுக்கு வேகமா ஆடறவங்களதான் புடிக்கும்னேன். வாத்தியார்கிட்ட, நிதானமா ஆடணும்னேன். ஏழாவதா வந்தவர்கிட்ட, அப்பா தப்பு பண்ணா வுடாதீங்க, எதுத்துக் கேளுங்க, தைரியசாலின்னு நெனைப்பாருன்னேன்.” டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினாள். “நானும் அவங்கள ஒரு கேள்வி கேட்டேம்பா. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கப்பறம் நான் வெள்ளிமலைக்கு வேலைக்குப் போலாமான்னு. ஒருத்தர் வேலைய வுட்டுடுன்னாரு. ஒருத்தர், மலைக்கெல்லாம் பொம்பள தனியா போய்க்கினு வந்துக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்னாரு. அதுக்கு மேல எனக்கு அவங்க ஆட்டத்தப் பாக்க வேண்டியதில்ல.”

“இவன்?”

“இவரு ரெண்டு வருசமா அதே பஸ்ஸுல வர்றாரு. ஜாதகத்தத் தரகர்கிட்டக் குடுக்கச் சொன்னதே நான்தான். பன்னண்டு நாளு பஸ்ஸுல உக்காந்து, நோட்டுல கோடு போட்டு, மாத்திரைய வெச்சு சொல்லிக் குடுத்தேன். வளைவு வந்தா அல்லா ஆடும் சீட்டுக்கடியில ஓடிப் போவும். நீ புலியக் குடுப்பன்னு எனக்குத் தெரியாது. நீதான் யாருக்கும் எதுவும் குடுத்ததில்லயே.”

வீரமுத்துவுக்குச் சுருக்கென்றது. “வேணாம்னா வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல? ஏன்டி இந்த நாடகம்?”

“சொன்னேன்.”

“எப்போ சொன்ன?”

“மொத ஆளு வரும்போது. எனக்குப் புடிக்கலப்பான்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். உனக்கு இன்னா தெரியும், நீ போய்க் காபி போடு, அவன் ஆடறதப் பாத்து நான் சொல்றேன்ன.” அவள் குரல் உயரவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது, அதை அவள் துடைக்கவும் இல்லை. “நான் வேணாம்னா ஏன்னு ஆயிரம் பேரு கேப்பாங்க. நீ வேணாம்னா யாரும் கேக்கல. அதான் உன்னிய வெச்சே சொல்ல வெச்சேன். நீ ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, உனக்கு இன்னாம்மா வேணும்னு கேட்டிருந்தா எனக்கு இந்த வேலையே இல்ல.”

வீரமுத்து யோசித்துப் பார்த்தார். அவள் அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. உரக்கடைக்காரன் எந்த ஆட்டை எங்கே வைத்தான் என்பது ஞாபகம் இருந்தது. அவன் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருந்தது. மகள் வந்து நின்றது இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒன்றையே செய்தார். மூன்று நட்டையும் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“சரி, வா. உக்காரு. ஒரு ஆட்டம். நீ புலி எடுத்துக்க.”

மலர்விழி அந்த நட்டுகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“அஞ்சு வருசமா உங்கூடத்தாம்பா ஆடிக்கினு இருந்தேன்” என்றாள். “எனக்கு அலுத்துப் போச்சு.”

டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.